அம்மாவின் ஜீவிய சரித்திரத்தில் ஒரு திருத்தம்

உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு யாராவது இரங்கல் குறிப்பு எழுதுவார்களா?

நான் எழுதினேன். போன மாதம்தான்.

அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. லுத்தரன் சபைப் போதகரின் மனைவி. எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகியும் கோவில்பட்டி பஜாரில் அம்மா இன்னும் ஐயரம்மாதான். ஜவுளிக்கடை பாய்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

போன மாதம் அம்மாவுக்கு நிமோனியா. ஐ.சி.யூ.வில் சில நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நானோ... பெங்களூரில் இருக்கும் மகள் போனை எடுக்கத் தாமதித்தால் உடனே விபத்துச் செய்தி தேடுகிற ஆள். அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதைய ஐயர் வீட்டுக்கு வந்து, அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்தார். அவருக்குத் துணையாக வந்த உபதேசியார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. ஜீவிய சரித்திரத்த இப்பமே எழுதி வச்சிருங்க. கடைசி நேரத்துல கொடுத்தா பிரஸ்காரன் பேரெல்லாம் தப்பாப் போட்டுருதான்."

அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கையைச் சுருக்கமாக அச்சடித்துக் கொடுத்து வாசிப்பது எங்கள் வழக்கம். அதைத்தான் ஜீவிய சரித்திரம் என்பார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்பதால் வேலை என் தலையில். அழுதுகொண்டே எழுதினேன். அண்ணன்மார் பார்க்கட்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அந்த குரூப்பில் அம்மாவும் இருக்கிறார்!

யார் நினைத்தது? அம்மா கண் திறந்து கஞ்சி கேட்டார். பிறகு காபி கேட்டார். பிறகு கண்ணாடி. பிறகு... போன்.

"ஏட்டி, இங்கன வா. நான் செத்துப் போயிட்டனாமே?"

"அம்மா... டாக்டர்தான்..."

"சரி சரி, கண்ணக் கசக்காத. ஒம்மவ தும்முனாலே நீ சவப்பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறவ. எனக்கு எழுத்து மங்கலாத் தெரியுது. நீயே வாசி, கேப்போம்."

வாசித்தேன். இன்ன ஊரில் பிறந்தார், இன்னாரை மணந்தார். அதன்பிறகு வரிசையாக ஊர்கள். இந்த ஊரில் கணவரின் ஊழியத்துக்கு உறுதுணையாக, அந்த ஊரில் கணவரின் ஊழியத்துக்கு உறுதுணையாக, பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்த்து...

"நிப்பாட்டு. இது ஒங்கய்யாவோட டிரான்ஸ்பர் ஆர்டருல்லா? இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

'உறுதுணையாக' என்ற சொல்லில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நான் பதறிப்போய் முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சேக்கணும். எழுதிக்கோ. எஸ்தரை அடக்கம் பண்ணுனது நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக்கம் செய்விப்பது குருப்பட்டம் பெற்ற ஐயரின் வேலை. அந்தக் காலத்தில் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதுகூட இல்லை.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை அது. புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவுக்கு ஊழியம். அடைமழை. கரிசல் நனைந்தால் தெரியுமே... வண்டிச் சக்கரத்தை விழுங்கிவிடும். வெளியூர் போயிருந்த அப்பா மணியாச்சியில் மாட்டிக்கொண்டார். தண்டவாளத்தின் மேல் வெள்ளம். அந்த நேரம் பார்த்து, ஆடு மேய்ப்பவரின் மனைவி எஸ்தர் பிரசவத்தில் இறந்துபோனாள். அம்மாவின் வயதுதான் அவளுக்கும்.

"ஐயர் வரட்டும், ஐயர் வரட்டும்னு ஆம்பளைய நிக்காவ. எத்தன நாளு போட்டு வைக்க? தோண்டுன குழியில தண்ணி ஊறுது. பொறவு, செபமில்லாமப் பொதைச்சிருவோம்னு பேசிக்கிடுதாவ. அவ புருசன் என்ட்ட வந்து, 'ஐயரம்மா, அவ என்ன நாயா?'ன்னு கேட்டான். ஒங்கய்யாவோட செப புஸ்தகத்த எடுத்தேன். ஒங்க பெரியண்ணன இடுப்புல வச்சேன். நடந்துட்டேன். பொம்பளைய எல்லாரும் பின்னாலயே வந்துட்டாவ. மண்ணுக்கு மண்ணுன்னு நான்தான் சொன்னேன். மூணு கை மண்ணும் நான்தான் போட்டேன். ஈரக் கரிசல்லா... கைய விட்டு விழவே மாட்டேங்கு. ஒதறி ஒதறிப் போட்டேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"வந்து கேட்டாவ. 'மேல தெரிஞ்சா வேலை போயிரும். நானே வந்து செஞ்சதா இருக்கட்டும்'னாவ. கைப்பிள்ள இருக்குல்லா, சோறு திங்கணுமே. சரின்னுட்டேன். ஊரும் வாயத் தொறக்கல."

பொய்யே சொல்லாதவர் என்று அப்பாவைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

"அம்மா, அப்பா பேரு கெட்டுப் போகாதா?"

"அவியட்ட நான் மேல போய்ச் சொல்லிக்கிடுதேன். நீ எழுது."

எழுதினேன். உபதேசியாரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கோயில்ல இத வாசிக்க முடியாதுக்கா. ஐயரில்லாம அடக்கம்னா சபைக் கமிட்டிக்காரவிய குதிப்பாவ. பெட்டிய நடுவுல வச்சுக்கிட்டு சண்டையா போட முடியும்?"

அவர் பயமும் நியாயம்தான். ஆனால் எனக்கு வேறு பயம். எங்கள் பிரார்த்தனைக்கும் மருந்துக்கும் பிழைத்து வந்த அம்மா, கேட்டது ஒரே ஒரு வரி. அதையும் வாசிக்காமல் புதைத்துவிடுவார்களோ?

உபதேசியார் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை.

"அப்போ சாவுறதுக்கு முன்னாலயே சொல்லிருவோம்."

எங்கள் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. நோயிலிருந்து பிழைத்தவர்கள் எழுந்து கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். யாரும் குறுக்கே பேசக் கூடாது. போன ஞாயிறு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பிடி நடுங்கவில்லை.

நிமோனியாவுக்கு ஒரு வாக்கியம். மீதி முழுக்க எஸ்தர். மழை, குழி, மண்.

"ஐயர் அடக்கம் பண்ணுனாருன்னுதான் எல்லாரும் நெனச்சாவ. நான்தான் பண்ணுனேன். எஸ்தர் செபமில்லாமப் போகல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார்.

சாட்சி முடிந்தால் சபை ஆமென் சொல்ல வேண்டும். ஆண்கள் பக்கம் மூச்சில்லை. கமிட்டிச் செயலாளர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் வீட்டு அம்மாக்களில் எத்தனை பேரை 'உறுதுணை' என்ற ஒரே சொல்லில் சுருக்கி அனுப்பியிருக்கிறோம் என்று அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது.

"ஆமென்!"

பெண்கள் பக்கம், முதல் வரிசை. இப்போதைய ஐயரம்மா. முப்பது வயதுப் பெண். கோயிலில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. அடுத்த நொடி பெண்கள் பக்கம் முழுக்க ஆமென்.

ஐயர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வேறு வழி? அவரும் ஆமென் சொன்னார்.