கண்ணாடிக்கு உள்ளே இரண்டு கோன்

எங்கள் ஆலையில் எல்லோரும் காஜா அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்ணை நான் முதன்முதலில் பார்த்தது விமான நிலையத்து ஐஸ்கிரீம் கடையில். வரிசையில் முன்னால் நின்று இரண்டு கோன் வாங்கியவர், ஒன்றிலும் வாய் வைக்காமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கமாக ஓடினார். பின்னால் நின்றவர்களுக்குச் சிரிப்பு. பிறகு விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தபோது அவருடைய ஒரு கை முழங்கைவரை பிசுபிசுவென்று இருந்தது. கதை அப்போதுதான் வெளியே வந்தது.

காஜா, அதாவது சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைப்பது அவர் வேலை. கடல் தாண்டிய ஆலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் விடுப்பு. இந்த விடுப்பு முழுக்க மகளுக்கு ஆசை காட்டியே ஓட்டியிருந்தார். "ஏர்போர்ட்ல ஒரு கடை இருக்குடி. கோபுரம் மாதிரி சுத்திச் சுத்தி வச்சுத் தருவான். வழியனுப்ப வா, ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடலாம்." அதுவரை ஏஜென்சி வேனில் தனியாகவே போய் வந்தவர். கடை கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்று அவர் யோசித்ததே இல்லை.

வாசல் காவலர் கையை நீட்டி மறித்தார். "டிக்கெட் இருக்கறவங்க மட்டும்தாம்மா."

மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டவள்தான். கட்டிப்பிடித்தபோதும் கட்டை மாதிரி நின்றாள். இந்த ஊமைக் கோபத்தோடு இரண்டு வருடம் எப்படிக் கழியும்? அவளிடம் ஒரு வார்த்தையாவது வாங்காமல் விமானம் ஏறுவதில்லை என்று அக்கா முடிவு கட்டினார்.

அப்பாவும் மகளும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இன்னும் நின்றிருந்தார்கள். அக்கா இரண்டு கோனையும் தூக்கிக் காட்டினார்.

"என்னடி, தீவட்டி பிடிச்ச மாதிரி நிக்கிற?" போனில் கணவர்.

"அவகிட்ட குடுங்க."

"வேணாங்கிறா."

"காதுலயாவது வைங்களேன்."

வைத்தார். "வலது கையில இருக்கறது உன்னோடதுடி," என்றார் அக்கா. வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. மகளின் கோன் சரிந்து மணிக்கட்டில் இறங்கியது. அக்கா அசையவில்லை.

"அம்மா, ஒழுகுது."

"ஒழுகட்டும். உன்னோடதுதானே."

"நக்கும்மா. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். கீழ, கீழ. ஐயே, மூக்குல அப்பிக்கிச்சு."

அவள் சொன்ன பக்கமெல்லாம் அக்கா நக்கினார். தன்னுடைய கோனை அவர் தொடவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்குடி. பேச வரல."

"அடுத்த தடவ எனக்கும் ஒரு டிக்கெட் எடு."

"எடுக்கறேன்."

அக்கா இப்போதும் அதே ஆலையில் காஜா தைக்கிறார். அப்போது ஐந்தாவது படித்த மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.