பிராமி எழுதாமல் விட்ட வரி

பிராமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள் மேல் இல்லை, அவளைப் பொய்க்காரி என்று நினைத்தவர்கள் மேல். அதில் மூன்று நாள் நானும் சேர்த்தி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மேல்சித்தாமூர்ப் பெண். சமணக் குடும்பம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயம். மயிலம் பக்கம் எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. நான் ஜெசிந்தா, அதே ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். பிராமியின் வேலை தங்கத்தில் ஓட்டை போடுவது. நகைக்கடைக்காரர் யாராவது கேட்டால் மயங்கி விழுவார். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராத ஓட்டைகள், விரல்நகம் அளவு இடத்தில் கோடிக்கணக்கில்.

ஊசியெல்லாம் கிடையாது. தட்டில் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளை மிதக்கவிட வேண்டும். அவை கேரம் காய்களைப் போல நெருங்கி வரிசை கட்டிக்கொள்ளும். அந்த அடுக்கைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்து, இடையில் சந்து விழும்படி மணிகளைச் சற்றுச் சுருக்கி, மேலே தங்கத்தை ஆவியாக்கிப் படியவிடுவாள். பிறகு செலோடேப்பை ஒட்டி இழுத்தால் மணிகள் கழன்று வந்துவிடும். மணி இருந்த இடமெல்லாம் ஓட்டை.

இவ்வளவு சின்ன ஓட்டைக்குள் ஒளி நுழைவதே கஷ்டம். ஆனால் ஓட்டைகள் ஒழுங்காக இருந்தால், தங்கத்தின் மேற்பரப்பில் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அலையடித்து, ஒரு நிறத்தை மட்டும் தாராளமாக அந்தப் பக்கம் அனுப்பிவிடும். ஓட்டைகளின் பரப்பை வைத்துப் பார்த்தால் வரவேண்டியதைவிட அதிகமாகவே வரும். பிராமியின் துண்டுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் அசல் சிவப்பு. முதல்முறை பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் வேறொரு ஆய்வகத்தில் செய்து பார்க்கட்டும் என்றார் எங்கள் பேராசிரியர் விருத்தாசலம். பிராமி செய்முறையை வரி வரியாக எழுதிக் கொடுத்தாள். புதுச்சேரி ஆய்வகத்தில் முஹ்சினா என்ற கோட்டக்குப்பத்துப் பெண் அதை வைத்துப் பதினொரு முறை செய்தாள். பதினொரு முறையும் மணிகள் சிதறிப் போயின. நிறமே வரவில்லை. அந்த ஆய்வகத் தலைவர், இந்த முடிவை நம்ப முடியவில்லை என்று கடிதம் எழுதிவிட்டார்.

சார் கடிதத்தைப் படித்துவிட்டு பிராமியின் முகத்தைப் பார்க்கவில்லை. “அவங்க கையில வரலைன்னா, இந்தக் கட்டுரையும் இல்ல, நீ இங்க தொடர்றதும் இல்லம்மா” என்றார். அடுத்த மூன்று நாள், அந்தத் துண்டை எங்கேயோ வாங்கி வந்து காட்டியிருப்பாளோ என்று எனக்கும் ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள், எங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொன்னார் சார். அவள் செய்வதை ஒன்றுவிடாமல் எழுதுவது என் பொறுப்பு. பிராமி பையிலிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்தாள், குடுவையின் வாயில் கட்டினாள், காய்ச்சி வடித்த தண்ணீரை அதில் ஊற்றினாள்.

இது செய்முறையில் இல்லையே என்றேன்.

“தண்ணிய வடிகட்டாம எப்டிக்கா ஊத்துறது?” என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்கள் சாகக்கூடாது என்று அவர்கள் வீட்டில் ஒரு சொட்டைக்கூட வடிகட்டாமல் புழங்க மாட்டார்கள். இந்தத் தண்ணீரில் எந்த உயிர் இருக்கப்போகிறது என்று சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிராமி சிரிக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அவள் காட்டிய வேகம் இருக்கிறதே! அதே துணியைச் சுத்தத் தண்ணீரில் இருபது முறை அலசிவிட்டு மறுபடி வடிகட்டினாள். மணிகள் புதுச்சேரியில் போலவே சிதறின. அலசாத இன்னொரு துணியில் வடிகட்டினாள். கச்சிதமாக வரிசை கட்டின. தினமும் துவைக்கிற துணியில் தங்கிவிட்ட சோப்புதான் தண்ணீரின் மேற்பரப்பைத் தளர்த்தி மணிகளை நெருக்கித் தள்ளியிருக்கிறது. பிறகு துணியே இல்லாமல், ஒரு துளியிலும் துளி சோப்புக் கரைசல் விட்டுப் பார்த்தாள். அப்போதும் வரிசை கலையவில்லை.

சோப்புத் துளி விடும் அந்த ஒரு வரியைச் சேர்த்துப் புதுச்சேரிக்கு அனுப்பினோம். அங்கே வரட்டும் என்பதுபோல சார் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் பிராமி போனைக் கீழேயே வைக்கவில்லை. டீக்கடைக்குக்கூட அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முஹ்சினா கூப்பிட்டாள். அவள் சொன்னதைக் கேட்ட பிராமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு. நான் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டு எழுந்து, நேராக சாரின் மேசைக்குப் போய், போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“முஹ்சினா, இன்னொரு வாட்டி சொல்லு. சார் கேக்கட்டும்.”

“செவப்பு வந்துட்ச்சுக்கா. மூணு துண்டுலயும் வந்துட்ச்சு. நீங்க சொன்னது நெஜந்தான்.”

சார் அதை எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.