விழுவதற்கு ஒரு நண்பர்

“…அதெல்லாம் சரிங்க. சேத்துல நிக்கத் தெரியாத ஆளை நம்பி எப்படி நெலத்தைக் குத்தகைக்கு விடறது?” என்றார் கமலா டீச்சர்.

நேற்று பாபநாசம் பஸ்ஸில் இந்தக் குரல் திடீரென்று ஞாபகம் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கைபேசியில் யாரோ ஊர் சுற்றும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுகிறவர் பரோட்டாவைப் பார்த்தாலும் ‘வேற லெவல்’ என்றார், கோபுரத்தைப் பார்த்தாலும் ‘வேற லெவல்’ என்றார். எனக்கு சேகர் நினைவு வந்துவிட்டது.

சேகர் என் சிநேகிதன். வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பயணக் கட்டுரை எழுதிவந்தான். விஷயம் எவ்வளவு அற்பமோ அவ்வளவு கம்பீரமாக இருக்கும் அவன் தமிழ். பஸ் பஞ்சரானால் ‘எம் தேர் கால் மடக்கி அமர்ந்தது’ என்பான். அப்படி நாலு வரி உயரே ஏறிவிட்டு, டிரைவர் சொன்ன ஒரு வார்த்தையைப் போட்டுத் தொப்பென்று இறக்குவான்: ‘ஸ்டெப்னியும் பஞ்சர்தாங்க.’

செருப்பைத் தொலைக்கவும் ஏழாவது இட்லிக்கு ஆசைப்படவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? அதற்கு ‘நண்பர்’ என்று ஒருவர் வருவார். கூடப் போன பாவத்துக்கு, அது நான். ஊருக்கே தெரியும். கோபித்துக்கொண்டால், “தேர்னா முட்டுக்கட்டை வேணும்டா” என்று சமாதானம் சொல்வான்.

இப்போது அந்தப் பத்திரிகையும் இல்லை, அந்தத் தமிழும் இல்லை. வீடியோக்காரர் தனியாகவே போகிறார். கம்பில் மாட்டிய கைபேசிதான் துணை. பாவம், விழுவதற்குக்கூட ஓர் ஆள் கிடையாது.

திருவாரூர் போனபோது, நடவுக்கு உழுது வைத்திருந்த வயலில் குப்புற விழுந்தது நிஜத்தில் சேகர். கட்டுரையில் நான். ‘நண்பர் நிலமகளைத் தழுவினார். அவள் விடுவதாயில்லை. யான் வரப்பில் நின்று ஆறுதல் கூறினேன்.’

அது அச்சான சமயத்தில் நான் தஞ்சாவூர் உரக்கடை வேலையை விட்டிருந்தேன். டீச்சரின் நிலம் குத்தகைக்குக் கிடைத்தால்தான் பிழைப்பு. சிபாரிசுக்கு சேகரையே கூட்டிப் போனேன், என் புத்தியைச் சொல்லவேண்டும். டீச்சரோ அந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்; அதனால்தான் அந்தக் கேள்வி.

“அது ஒரு சுவைக்காக எழுதறதுங்க…” என்று சேகர் காபி டம்ளருக்குள் முணுமுணுத்தான். விழுந்தது தான்தான் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. எழுத்தாளன் மானம். நான் சொல்லிவிட்டால் நிலம் வரும், சிநேகிதம் போகும். என் காபியை ஆற்ற ஆரம்பித்தேன்.

டீச்சர் பத்திரிகையை எடுத்துப் புரட்டி வாசித்தார்: “‘காதில் சேறு புகுந்ததும் முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் ஜில்லிப்பு. வரப்பில் பேசியது அடுத்த ஊரில் பேசுவதுபோல் கேட்டது.’ இந்த எடத்துல மட்டும் உங்க பெரிய தமிழைக் காணுமே சார். நீங்க வரப்புலதானே நின்னீங்க? உங்க காதுல ஏதுங்க சேறு?”

சேகர் டம்ளரைக் கீழே வைத்தான். “ஒரு வாரம் காது கேக்கலங்க” என்றான்.

டீச்சர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அப்புறம் எழுந்துபோய் வயல் மோட்டார் கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “ஒரு கையெழுத்து வேணுமே” என்று பேனாவைத் திறந்தார். சேகர் காலரைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினான். டீச்சர் அவனைத் தாண்டி வந்து, பத்திரிகையை என் மடியில் விரித்து, “நண்பர்னே போடுங்க” என்றார்.