மிதமானது, பெரும்பாலும் வறண்டது

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரு நாளில் பதினைந்தரை மில்லிமீட்டருக்கு மேல், அறுபத்து நான்கரைக்குள் பெய்தால் அது மிதமான மழை. அதற்குக் கீழே லேசான மழை, மேலே கனமழை. இரண்டரை மில்லிமீட்டர்கூடப் பெய்யாத நாள் மழை நாள் என்றே கணக்கில் வராது. உங்கள் சட்டை நனைந்திருந்தால் அது உங்கள் சட்டையின் சொந்த விவகாரம். நாள் என்பதும் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரைக்கு முடியும். ஆகவே நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில்தான் பெய்ததாகும்.

இதெல்லாம் எனக்குத் தெரிவதற்குக் காரணம், நான் வேலை பார்த்த அலுவலகத்தின் முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. அதில் விழுந்ததை அளந்து மேலே அனுப்புவது பல வருடம் என் பொறுப்பு. அதனால்தான் மிதமான என்ற சொல்லைக் கண்டால் மற்றவர்களைப்போல எனக்கு நிம்மதி வருவதில்லை. ஊரில் மிதமான என்றால் மிதமான சூடு, மிதமான காரம், பயப்பட ஒன்றுமில்லை. விதிப்படி மிதமான மழை எங்கள் போடியில் சாக்கடையை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

சித்திரை பிறப்பதற்கு முன்னால் என் கைப்பேசிக்கு ஒரு வார முன்னறிவிப்பு வந்தது. போடிநாயக்கனூர், ஏலமலைச் சரிவுகள், கோடைத் தொடக்கம் என்று தலைப்பு. கீழே ஒரே வரி: மிதமானது, பெரும்பாலும் வறண்டது.

மூன்று முறை வாசித்தேன். மிதமானது எது? மழையா, வெயிலா, காற்றா? மழை என்றால் அது எப்படி வறண்டதாகும்? வறண்டது என்றால் மிதமாக என்ன பெய்யும்? பெரும்பாலும் என்பது நாளில் பெரும்பகுதியா, இடத்தில் பெரும்பகுதியா? எழுவாய் இல்லாத வாக்கியத்தை என் மேசைக்கு எவனாவது கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

திருப்பி அனுப்ப முடியாததற்குக் காரணம் என் தங்கை. சிலமலையில் இருக்கிறாள். அந்த வருடம்தான் முதல்முறையாக, கூலிக்குப் போவதை விட்டுவிட்டு, குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் இலவமரங்களைத் தன் பேரில் குத்தகைக்கு எடுத்திருந்தாள். மரக்காரர் போடியில் இருக்கிறார். பஞ்சு வெள்ளையாக வந்தால் அடுத்த வருடமும் மரம் அவளுக்கு. கறுத்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். காய் பறித்தாயிற்று. தோட்டத்துக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கும் பெரிய பாறையில் பரப்பியும் ஆயிற்று. நன்றாகக் காய்ந்து ஓடு வெடித்தால்தான் உடைத்துப் பஞ்செடுக்க முடியும். நனைந்தால் பஞ்சு கறுத்துவிடும். மழைக்குப் பயந்து அரைகுறை ஈரத்தில் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினால், உள்ளே புழுங்கி மஞ்சளாகிவிடும். மூடினாலும் கெடும், மூடாவிட்டாலும் கெடும். எனவே மழை வருமா வராதா என்பது அவளுக்குப் பொதுஅறிவுக் கேள்வி இல்லை.

போனில் கேட்டாள். "அண்ணே, என்ன போட்டிருக்கான்?"

வாசித்துக் காட்டினேன்.

"அப்ப மழை இல்லங்கிறான்."

"அப்படிச் சொல்ல முடியாது. மிதமானதுங்கிறான். விதிப்படி பாத்தா அது பெரிய மழை."

"அப்ப மழைங்கிறான்."

"வறண்டதுன்னும் சொல்றானே."

"நீ வெளக்கிச் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு நல்லா வெளங்குச்சுண்ணே," என்றாள்.

முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். முன்னறிவிப்பு அனுப்பியவர்களின் இணைய முகவரியைத் தேடி, மேற்படி வாக்கியத்தில் மிதமானது என்பது எதைக் குறிக்கிறது, பெரும்பாலும் என்பது காலத்தைச் சார்ந்ததா இடத்தைச் சார்ந்ததா என இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. என் அனுபவத்தில் உடனே வரும் ஒரே பதில் அதுதான். மறுநாள் காலை குரங்கணி பஸ்ஸில் ஏறினேன். பதில் வராத கோப்புக்குத் தல ஆய்வு என்று ஒரு வழி உண்டு.

பாறையில் காய்கள் பழுப்பு நிறத்தில் கரை முதல் கரை வரை கிடந்தன. தங்கை வரிசை வரிசையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டுபவர். அன்று லோடு இல்லை என்று தார்ப்பாயை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான். மழையக் கையோட கொண்டாந்திருக்கீங்களா, இல்ல பின்னாடி பஸ்சுல வருதா?"

"அதைக் கேட்டுத்தான் எழுதிப் போட்டிருக்கேன் மாப்ள."

"பதில் வர்றதுக்குள்ள ஐப்பசி மழையே வந்துரும்."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். மேலே போடிமெட்டுப் பக்கம் மேகம் கறுத்து நின்றது. கீழே போடிப் பக்கம் தெளிந்த வெயில். நாங்கள் நின்ற இடத்தில் இரண்டும் இல்லை. ஒரு மாதிரியான வெள்ளை வெளிச்சம். இதைத்தான் மிதமானது என்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியானால் அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மலையில் இடி உருண்டது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தார்ப்பாயைப் பார்த்தார்.

"சொல்லுண்ணே, மூடவா வேண்டாமா?"

"ரெண்டு பக்கமும் வாய்ப்பு இருக்கு..."

"ஒத்த வார்த்தையில சொல்லுண்ணே!"

அவளே முடிவெடுத்தாள். மூவரும் காயை வாரிக் குவித்தோம். என் வயதில் குனிந்து அள்ளுவதிலிருந்து எந்த விதியிலும் விலக்கு இல்லை. தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கல் வைத்தோம். மரத்தடியில் நின்று மழைக்குக் காத்திருந்தோம். இடி இன்னும் இரண்டு முறை உருண்டது. காற்று நின்றது. மழை வரவில்லை.

வெகுநேரம் கழித்துத் தங்கை தார்ப்பாய்க்குள் கையை விட்டாள். வெடுக்கென்று எடுத்தாள். "சுடுதுண்ணே. அவிய ஆரம்பிச்சிருச்சு."

அந்த நேரத்தில் போடியிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "எங்க இருக்கீங்க? இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுது. மாடியில காயப்போட்ட வேட்டியெல்லாம் போச்சு."

"போடியிலயா? இங்கேருந்து பாக்குறப்ப வெயிலுல்ல அடிச்சுச்சு?"

"அப்ப அங்கேருந்தே வேட்டியக் காயப்போடுங்க," என்று வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால், வெயில் அடித்துக்கொண்டிருந்த போடி ஒரு சாம்பல் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தது. மேகம் நின்ற போடிமெட்டுப் பக்கம் பளிச்சென்று இருந்தது. கோப்புகளைத் தலைகீழாக அடுக்கியவன் யார் என்று கேட்கத் தோன்றியது. விஷயத்தைத் தங்கையிடம் சொன்னேன். மழை பக்கத்தில் வந்துவிட்டது, மூடியே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை சொன்னார்.

"போடியில பெஞ்சா பெஞ்சுட்டுப் போகுது. என் பாறையில பெய்யுதா?" என்று தங்கை கல்லைத் தூக்கி எறிந்தாள். "வெரசா பிரிங்க. அவிஞ்சு கெடுறதுக்கு நனைஞ்சே கெடட்டும்."

மறுபடி பரப்பினோம். காய்கள் கதகதப்பாக இருந்தன. சில ஓரத்தில் வெடித்து, உள்ளே பஞ்சு இன்னும் வெள்ளையாகவே எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

மழை அதன் பிறகுதான் வந்தது. மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்தும் வரவில்லை. ஓடைப் பக்கமாக, பக்கவாட்டில் வந்தது. பாறையின் மேல் விளிம்பில் சடசடவென்று விழுந்தது. நாங்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் நின்றுவிட்டது. மேல் வரிசைக் காய்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கீழ் வரிசைகளில் ஒரு துளி இல்லை. இரண்டுக்கும் நடுவில் பாறை மேலே கறுப்பாகவும் கீழே வெள்ளையாகவும், யாரோ அளந்து கோடு போட்டதுபோல இருந்தது.

மாப்பிள்ளை அந்தக் கோட்டின் மேல் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றார். "மச்சான், பெரும்பாலும் வறண்டதுதானே?"

சிரிப்பு வந்தது, தங்கை எதிரில் சிரிக்க முடியவில்லை. அவள் நனைந்ததைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறிவிப்பு சரியா தப்பா என்று நான் பஸ்ஸில் இறங்கி வரும்வரை யோசித்தேன். மழைமானி மேல் வரிசையில் இருந்திருந்தால் தப்பு. கீழ் வரிசையில் இருந்திருந்தால் மிகச் சரி. அங்கே மழைமானியே கிடையாது என்பதால், விதிப்படி அன்று அந்தப் பாறையில் எதுவுமே நடக்கவில்லை.

வைகாசியில் பஞ்செடுத்து முடித்தாள். பெரும்பகுதி வெள்ளை. புழுங்கிய குவியலின் அடியில் இருந்தது லேசான மஞ்சள். மேல் வரிசை கறுப்பு. மூன்றையும் மூன்று மூட்டையாகக் கட்டி, கலக்காமல், மரக்காரரின் வீட்டு வாசலில் இறக்கிக் காட்டினாள். கலந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று மாப்பிள்ளைக்கு இன்றும் வருத்தம். மரக்காரர் மூன்று மூட்டையிலும் கைவிட்டுப் பார்த்து, சொல்லியனுப்புகிறேன் என்றாராம். வெள்ளைக்கு மரமா, கறுப்புக்கு வேறு ஆளா, அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்று நிறத்தில் வந்தால் என்ன என்று அவரும் முன்கூட்டி விதி வைத்திருக்கவில்லை.

அதிலிருந்து அவள் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் ஒரே கேள்வி. "உனக்குப் பதில் வந்துச்சாண்ணே?"

"இல்ல. பரிசீலனையில இருக்குன்னு காட்டுது. உனக்கு?"

"எனக்கும் அப்படித்தான் காட்டுது."

ஆனி போயிற்று. ஆடிக் காற்று தொடங்கி, தகரக் கூரைகள் தடதடத்தன. என் இரண்டு கேள்விகளும் பரிசீலனையிலேயே இருந்தன, இப்போதும் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அவளே போடிக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மரக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டாராம். நேரே அவர் வீட்டிலிருந்துதான் வருகிறாளாம்.

"என்ன சொன்னார்?"

"அடுத்த வருசமும் மரம் அநேகமா உனக்குத்தான்னு சொன்னாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, அநேகமான்னா உன் பெரும்பாலும்தானே? எல்லா மரமும் அநேகமா கெடைக்கும்ங்கிறாரா, இல்ல அநேக மரம் கெடைக்கும்ங்கிறாரா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

"எழுதிக் கேக்கட்டுமா?" என்றேன்.

"சாமி, நீ சும்மா இரு," என்றாள் தங்கை. ஆனால் சிரித்தாள்.

அன்று ஆடிப் பதினெட்டு. அந்த நாளில் கைக்கு வந்தது பெருகும் என்பார்கள், பெரும்பாலும்.