பொய்ச்சினை

டிம்ப்னாவின் கண்ணுக்கு எந்த ஆடும் தப்பாது. டச்சு மாகாணமான பிராபாண்டில் முப்பது வருடமாக வெள்ளாடு வளர்க்கிறவள். தீனியை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு வாலைத் துடிக்கவிட்டால் பருவம். உடனே கிடாயிடம் ஓட்டுவாள். மூன்று வாரத்தில் மறுபடி கத்தாவிட்டால் சினை. நாலாம் மாதம் வலப்பக்க வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்துவாள். குட்டி திருப்பி முட்டும். கல்யாணமா? அதற்கு ஏது நேரம்! அவளும் தம்பி டோனும் நானூறு ஆடுகளும்தான் குடும்பம்.

அந்த டிசம்பரில் ஆட்டுக் காய்ச்சல் மனிதர்களுக்கும் தொற்றியது. குட்டி ஈனும்போதுதான் கிருமி பரவுகிறதென்று சினை ஆடுகளை எல்லாம் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. சினையில்லாத வெறும் ஆடு பிழைத்துக்கொள்ளும். கால்நடை டாக்டர் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, சினையென்றால் சிவப்புக் கோடு போடுவான். கூட வந்தவன் ஊசி குத்துவான். மதியத்துக்குள் இருநூறு பிணங்களைக் கொக்கி மாட்டி லாரிக்கு இழுத்துவிட்டார்கள், பாவிகள்!

அடுத்து மீப். டிம்ப்னா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. கருவியை ஒப்புக்கு ஒரு தொடு தொட்டதோடு அதற்கும் கோடு விழுந்தது.

"யோவ், அழி அதை! இந்த வருஷம் இது கிடாகிட்டயே போகல. உள்ள வெறும் தண்ணி, பொய்ச்சினை!"

"வயிறு பெருத்திருந்தா கோடுதாம்மா. எனக்கு நேரமில்ல."

"கண்ணு அவிஞ்சா போச்சு? அமுக்கிப் பாருய்யா!"

ஊசிக்காரன் நெருங்கினான். பால் வாளியால் அவன் மண்டையில் ஒரே போடு போட்டாள். ரத்தம் கொட்டியது. காவலுக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் அவளைச் சுவரோடு அமுக்கினார்கள்.

"விட்டுடுக்கா, உள்ள தள்ளிடுவாங்க!" என்று டோன் அழுதான்.

அவள் கண்ணெதிரே மீப் காலை உதைத்துக்கொண்டு செத்தது.

பிடி தளர்ந்ததுதான் தாமதம், மூட்டை அறுக்கும் கத்தியை எடுத்து மீப்பின் வயிற்றை ஒரே இழுப்பில் கிழித்தாள். குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்து டாக்டரின் பூட்ஸை நனைத்தது.

"எங்கடா குட்டி? தேடி எடுடா!"

டாக்டர் குனிந்து வயிற்றுக்குள் துழாவினான், குட்டி இல்லை. போலீஸ்காரர்களைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"தப்புதாம்மா. இனி நீங்க கைவச்சுச் சொல்லுங்க. சினை இல்லைன்னா விட்டுடறேன்."

டோன் அடுத்த ஆட்டைக் கொண்டுவந்தான். "இல்லைன்னு சொல்லுக்கா" என்று கெஞ்சினான்.

அவள் முஷ்டியை அழுத்தினாள். குட்டி முட்டியது. ஒரு பொய் மாட்டிக்கொண்டால் போதும், அப்புறம் நிஜமான வெறும் ஆட்டுக்கும் அவள் வார்த்தை செல்லாது, எல்லாமே போகும். இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபடியும் முட்டியது.

"சினை" என்றாள்.