செப்டம்பர் ஆச்சா?

முனீஸ்வரிக்குப் பேசவே வராது என்றுதான் கல்லூரியில் நினைத்திருந்தார்கள். சமயநல்லூரைத் தாண்டி உள்ளே கிடந்த ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் படிக்க வந்தவள். வந்த புதிதில், "அம்புட்டுப் பேரும் வந்தாச்சா?" என்று அவள் கேட்டதை, பின்பெஞ்சுப் பிள்ளைகள் வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டின. அதிலிருந்து வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்டாள்.

போனில் அவள் வேறு ஆள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது அவள் இழுத்துப் பேசுவது யாருக்குக் கேட்கப்போகிறது? வாத்தியார் மூக்கை உறிஞ்சுவதிலிருந்து கேன்டீன் சாம்பார் வரை எதையும் விடமாட்டாள். அதைப் படித்துவிட்டு வகுப்பில் சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொள்பவள் ரம்யாஸ்ரீ. திருநகர்க்காரி, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள்.

ஒருநாள் மத்தியானம் முனீஸ்வரி "சாப்டேன்" என்று அடிக்க, போன் தானாக அதைத் திருத்தி "செப்டம்பர்" என்று அனுப்பிவிட்டது. "எனக்கு இன்னும் ஆகஸ்டே முடியலடி" என்று உடனே பதில் போட்டாள் ரம்யா. அன்றோடு சாப்பிடுவது செப்டம்பர் ஆனது. பசித்தால் ஆகஸ்ட். கல்யாண வீட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் டிசம்பர். மெசேஜில் பிறந்தது, கொஞ்சநாளில் வாயிலும் ஏறிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் திருதிருவென்று விழிப்பதில் முனீஸ்வரிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ரம்யா தன் சித்தப்பா மகளுக்குச் சௌராஷ்டிரத்தில் மெசேஜ் அடிப்பதைப் பார்த்தால்தான் முனீஸ்வரிக்கு வயிறு எரியும். எட்டிப் பார்த்தால் அதே ஆங்கில எழுத்து, கூட்டிப் படித்தாலும் ஒன்றும் புரியாது. 'போகட்டும், அது அவுக வீட்டு பாஷை. செப்டம்பர் எங்க ரெண்டு பேருக்குத்தான்' என்று தேற்றிக்கொள்வாள்.

படிப்பு முடிந்தது. முனீஸ்வரி திருப்பரங்குன்றத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரம்யா ஒரு கம்பெனிக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த சரண்யாதேவியின் படம் ரம்யாவின் ஸ்டேட்டஸில் வர ஆரம்பித்தது. முனீஸ்வரி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிக்கும்போது ஈறு தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல்.

ரம்யாவின் பிறந்தநாளுக்குத் திருநகர் வீட்டுக்குப் போனவளை, வாசலிலேயே சரண்யாதான் வரவேற்றாள், ஏதோ தன் வீடு மாதிரி.

"நீங்கதான் முனீசா? வாங்க வாங்க. செப்டம்பர் ஆச்சா?"

முனீஸ்வரியின் கண் ரம்யாவைத் தேடியது. உள்ளே போனால், ரம்யாவின் அம்மா ரங்கநாயகி தட்டை நீட்டினார். "இந்தாம்மா, செப்டம்பர் பண்ணிட்டுத்தான் போகணும்." கம்பெனிப் பிள்ளைகள் மொத்தமும் கொல்லென்று சிரித்தன. கேசரியைத் தட்டோடு ஓரமாக வைத்தாள். தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

"வீட்டுக்குப் போய்ட்டியா?" என்று ரம்யா கேட்டிருந்தாள். முனீஸ்வரி சுத்தமான தமிழ் எழுத்தில் பதில் அனுப்பினாள்: "வந்து சேர்ந்துவிட்டேன். நன்றி." இரண்டு இடத்திலும் முற்றுப்புள்ளி வைத்தாள். அவர்களுக்குள் யாரும் புள்ளி வைத்ததே கிடையாது.

"ஏன்டி புள்ளி வச்சுப் பேசுற?" என்று பதறிக் கேட்டாள் ரம்யா. அதற்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போனது. பிறகு எது கேட்டாலும் கட்டைவிரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரம்யா கடைக்கே வந்துவிட்டாள்.

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி பாக்க வந்தீகளா?"

"முனீசு, அடி வாங்கப்போற."

துடைத்துக்கொண்டிருந்த பிரேமைக் கீழே வைத்தாள் முனீஸ்வரி. "அவகிட்ட எதுக்குடி சொன்ன? அது நம்ம ரெண்டு பேருக்குள்ள உள்ளது."

"எது? செப்டம்பரா?" ரம்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லூசு! முனீசு கண்டுபிடிச்சதுன்னு பெருமையாத்தான் சொன்னேன். ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க இப்ப."

"எல்லாரும் பேசட்டும்னா நான் கண்டுபிடிச்சேன்?"

சொன்ன பிறகுதான், அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கே உறைத்தது. கண் கலங்கிவிட்டது. ரம்யா சிரிப்பதை நிறுத்தினாள். போனை எடுத்து, அங்கேயே நின்று அவளைத் தன் கம்பெனிப் பிள்ளைகளின் குரூப்பில் சேர்த்துவிட்டாள்.

குரூப்பில் முனீஸ்வரிக்கு ராஜமரியாதை. ஆளாளுக்குப் புதுவார்த்தை கேட்டார்கள். சம்பளநாளுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று என்று போட்டுக்கொடுத்தாள். சரண்யாதான் முதலில் சிரிப்பாள். ரம்யாவும் சிரிப்பாள், மற்றவர்களுக்கு அனுப்பும் அதே சிரிப்புப் படம். தனக்கென்று ஒன்று வருமா என்று முனீஸ்வரி திரையையே பார்த்திருந்தாள். வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கடைவாசலில் நின்று, இதுவரை செய்யாத காரியத்தைச் செய்தாள். ரம்யாவுக்கு மெசேஜ் போடாமல் போன் போட்டாள்.

"என்னடி, கால்லாம் பண்ற! என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. எம்புட்டு நாளாச்சு ஒன் குரலக் கேட்டு. நாளைக்கு லீவு, வீட்டுக்கு வாரேன். இருப்பியா?"

"வாடி, இருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ "எம்புட்டு" என்று சொல்லிப் பார்த்துக் களுக்கென்று சிரிப்பது கேட்டது. முனீஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பக்கத்துல யாருடி?"