அக்காவின் இரண்டு மணிகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மான்மவுத் ஜங்ஷனில் என் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறப்பேன். மேற்குக் கரை ஃப்ரீமான்ட்டில் அப்போது ஏழு. நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு கைமணிகள். நிஜ மணிகள் அல்ல. திரையில் ஆறு மணிகள் வட்டமாக நிற்கும். கீபோர்டில் தட்டினால் ஒலிக்கும். பாட்டு, ராகம் எதுவும் கிடையாது. ஆறும் சுற்றுக்குச் சுற்று வேறு வரிசையில் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சுற்றில் நம் மணிகள் எத்தனையாவது என்பதைத் தாளில் பார்க்காமல் மனதில் வைத்திருக்க வேண்டும்.

நடத்துபவர் டெக்ஸஸில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். இன்னொருவர் ஃப்ரீமான்ட் அக்கா. ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். எங்கள் நாகர்கோவில் பக்கம்தான். ஆன்லைன் பாடகர் குழு ஒன்றில் பழக்கமாகி, இருவரும் சேர்ந்தே இதில் நுழைந்தோம். மூன்று வருடத்தில் அக்கா ஒருமுறை தவறினால் நான் பத்துமுறை தவறியிருப்பேன்.

போன வருடக் கடைசியில் அது மாறியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வரிசை கலையும். ஆசிரியர் நிறுத்தச் சொல்வார்.

"சாரிப்பா, நெட் ஸ்லோவா இருக்கு," என்பார் அக்கா.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். ஒரு பயிற்சியைப் பதிவு செய்து திரும்பக் கேட்டேன். நெட் மெதுவென்றால் மணி பிந்தி ஒலிக்க வேண்டும். அக்காவின் மணிகள் சரியான நேரத்தில்தான் ஒலித்தன, வேறொரு மணியின் இடத்தில். அதே பயிற்சியில், "இன்னைக்கு எந்த வரிசைய அடிக்கப் போறோம்?" என்று பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கேட்டிருந்தார். மூன்று முறையும் நாங்கள் சாதாரணமாகப் பதில் சொல்லியிருந்தோம்.

மணி தப்பினால் மறுபடி தொடங்கலாம். அவர் எண்ணிக் கொடுக்கும் மாத்திரை?

இரண்டு நாள் தயங்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அது நெட் இல்ல. நான் ரெக்கார்டிங்க செக் பண்ணேன்."

"என்னைய ரெக்கார்ட் பண்ணியா?"

"ஒரு டாக்டரப் பாருங்களேன். ஸ்ட்ரெஸ்ஸா கூட இருக்கும்."

"நான் டெய்லி டாக்டருங்க கூடத்தான் வேலை பாக்கேன். நீ எனக்குச் சொல்லாண்டாம்." வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். பிறகுதான் அவர் கணவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"போன மாசம் மௌரி அவென்யூ கடையில கார விட்டுட்டு, நடந்து வீட்டுக்கு வந்துட்டாம்மா," என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லல."

"வேலைக்குப் போறாங்களா அண்ணா?"

"போறா."

"அனுப்பாதீங்கண்ணா, ப்ளீஸ்."

பரிசோதனைகள் நடந்தன. நினைவு தொடர்பான நோய், ஆரம்பக் கட்டம் என்றார்கள். வேலையில் அவரால் யாருக்கும் தீங்கு நேரவில்லை என்று கணவர் சொன்னார். அன்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அக்கா வேலையை விட்ட செய்தி வந்தபோது, நானே அவரை இழுத்துத் தெருவில் விட்டதுபோல இருந்தது.

ஆசிரியரும் நானும் இப்போது நான்கு மணிகளோடு பயிற்சி செய்கிறோம். அக்காவைப் பற்றி அவர் ஒருமுறைதான் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். அன்று நாங்கள் எதையும் அடிக்கவில்லை.

பிப்ரவரியில் அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் தெளிவாக, பழையபடியே இருந்தது.

"நீ சொன்னது கரெக்ட்தான். எனக்கே தெரியும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வச்சிருந்தேன். வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

அதை நான்கைந்து முறை கேட்டேன். பதிலுக்கு மன்னிப்புக் கேட்டுப் பேசி, அனுப்பாமல் அழித்தேன். மன்னிப்புக் கேட்டால் பொய்யாகிவிடும். அந்த மாத்திரைகளை நினைத்தால், இன்றும் நான் அவர் கணவருக்குப் போன் செய்யத்தான் செய்வேன்.